பாப்பம்மாளின் பத்து ஏக்கர்

மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியின் விவசாயி பாப்பம்மாளைப் பற்றி, அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட 2021க்குப் பின் வந்த எழுத்துகள் வயது, இயற்கை விவசாயம், பத்மஸ்ரீ என்ற மூன்றைத் தாண்டிப் போவது அரிது. நூறு வயது கடந்தவர் இன்னும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிறார் என்ற வியப்பு, நாளிதழ்களிலிருந்து அப்படியே ஆய்வெழுத்துக்கும் குடிபெயர்ந்துவிட்டது. மலையடிவாரத்துப் பாரம்பரிய அறிவின் கடைசிக் கண்ணியாக அவரை வாசிக்கும் போக்கு இப்படித்தான் உருவானது. இக்கட்டுரை அந்த வாசிப்போடு உடன்படவில்லை. அவரது வாழ்க்கைக் குறிப்புகள் அனைத்திலும் போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது: பாட்டியிடமிருந்து கைக்கு வந்த கடையின் லாபத்தில் அவர் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். இதை முன்னுரையாகக் கருதித் தாண்டிச் சென்றதால்தான் மற்றவை தடம் மாறின என்று தோன்றுகிறது.

இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தவர். தந்தைவழிப் பாட்டி தேக்கம்பட்டியில் வைத்து வளர்த்தார். பாட்டிக்குப் பிறகு கடை இவருக்கு வந்தது. அதோடு ஓர் உணவகத்தையும் தொடங்கினார்.

கடை பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தது என்பதை இரண்டாவது தடவை வாசிக்க வேண்டும். சொத்து இங்கே ஆண் வாரிசு எவர் வழியாகவும் வரவில்லை. கிராமத்துக் கடை என்பது சரக்கும், வாடிக்கையும், கடன் நோட்டும்தான். அது கைமாறப் பட்டா வேண்டியதில்லை. நிலம் அப்படியில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு உண்டென்று தமிழ்நாடு தனித் திருத்தம் செய்தது 1989இல். மத்தியச் சட்டம் அந்த இடத்துக்கு வர 2005 ஆயிற்று. 1989இல் பாப்பம்மாள் எழுபதைத் தாண்டியிருந்தார். அவர் தலைமுறைக் கொங்குப் பெண்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்தார்கள். தோட்டம் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. ஆகவே வாரிசுரிமைக்குக் காத்திருக்காமல் விலைக்கு வாங்கியதுதான் இந்த வாழ்க்கையின் அச்சாணி. உழவு அதற்குப் பின்னால் வந்தது. பரம்பரை உழத்தி என்ற படிமத்தோடு இந்த வரிசை ஒட்டாது.

நிலம் குடும்பப் பணத்தில் வாங்கப்பட்டிருக்கும், பேர்தான் இவருடையது என்று வாதிடலாம். கதையின் எல்லா வடிவங்களும் வாங்கியவராக இவரையும், பணத்தின் மூலமாகக் கடையையுமே சொல்கின்றன. ஐயம் எழுப்புபவர் ஆதாரம் காட்டட்டும்.

அடுத்தது பயிர். சிறுதானியம், பயறு வகைகளோடு வெண்டையும் வாழையும் போட்டார் என்று குறிப்புகள் சொல்கின்றன. பாரம்பரிய வாசிப்பு சிறுதானியத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது, வெண்டையை விட்டுவிடுகிறது. வெண்டை போட்டவருக்குத் தெரியும்: காய்ப்புக்கு வந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் தவறினால் காய் முற்றி நார் விட்டுப்போகும். சுனை அரிக்கும் என்பதால் கையில் துணி சுற்றிக்கொண்டு பறிக்க ஆள் வேண்டும். பறித்ததை வாடுவதற்குள் சந்தை சேர்க்க வேண்டும். அந்தப் பயிரைத் தேர்ந்தெடுப்பவர் ஆட்கூலியும் அன்றன்றைய விலையும் தெரிந்தவர். நீலகிரி உருளைக்கிழங்கும் கேரட்டும் இறங்கி ஏலம்போகும் மேட்டுப்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. வாழையும் இங்கே வீட்டுத் தேவைக்கு மட்டும் வைப்பதல்ல. ஓணம் நெருங்கினால் இந்த வட்டாரத்து நேந்திரன் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குப் போகும். கடைக்காரியின் கணக்கு தோட்டத்திலும் தொடர்ந்தது என்பதே இப்பயிர்களிலிருந்து பெறக்கூடிய ஊகம். ஊகம்தான்; ஆனால் வலுவான ஊகம்.

‘இயற்கை விவசாயி’ என்ற அடையாளத்தையும் காலவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இரசாயன உரம் சிறு விவசாயியின் வரப்புவரை வந்தது 1960களின் பசுமைப் புரட்சியோடு. அதற்கு எதிரான இயக்கம் நம்மாழ்வார் போன்றோரால் தமிழகத்தில் வேரூன்றியது அதற்கும் வெகுகாலம் கழித்து. பாப்பம்மாளோ கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்பு வைத்திருந்தவர். அதன் உழவர் விவாதக் குழுவில் முன்னின்றவர். பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்டு, விவாதித்து, தெரிந்தெடுத்துக்கொண்ட ஒருவரை ஏட்டறிவு தீண்டாத மரபின் எச்சம் என்று எழுதுவது அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

பொதுவாழ்வுக்கு வருவோம். தேக்கம்பட்டி ஊராட்சி வார்டு உறுப்பினர், காரமடை ஒன்றியக் கவுன்சிலர், திமுக உறுப்பினர் என்பவை அவர் வகித்த பொறுப்புகள். ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒதுக்கீட்டின் துணையின்றி நின்றவர் என்றே கொள்ள வேண்டும். முந்தைய எழுத்துகள் இதை வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரியில், சுவையான உபரித் தகவல்போலத் தருகின்றன. ஆனால் அவர் ஊருக்கெல்லாம் அரிசியும் பருப்பும் எடைபோட்டுத் தந்தவர், உணவகத்தில் நாலு பேர் பேச்சைக் கேட்டவர், சொந்தப் பட்டா உள்ளவர். கடை, நிலம், ஊராட்சி என்பது ஒரே ஏணியின் படிகள். மகளுக்குச் சொத்துப் பங்கு தந்த 1989 திருத்தம் அவருடைய கட்சி ஆட்சியில்தான் வந்தது என்பதையும் சேர்த்து வாசித்தால், கட்சிப் பற்றை வெறும் தலைவர் அபிமானமாகத் தள்ளிவிட முடியாது.

வாழ்க்கைக் கதைகள் நிலம் வந்த வழியை மங்கலாக்குவது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வயோமிங் மலைப் பகுதியில் பண்ணை நடத்திய எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட்டின் கடிதங்கள் 1914இல் நூலாக வந்தன. தனித்த ஒரு பெண் அரசு நிலத்துக்கு மனுப் போட்டுச் சொந்தக்காரி ஆகலாம் என்பதற்குச் சாட்சியாக அவை நெடுங்காலம் வாசிக்கப்பட்டன. பின்னர் நில ஆவணங்களைப் புரட்டியவர்கள் கண்டது வேறு: மனுப் போட்ட சில நாட்களிலேயே பக்கத்துப் பண்ணைக்காரரை மணந்திருந்தார், 1912இல் அந்த உரிமையைக் கைவிட, நிலம் மாமியார் பெயருக்குப் போயிருந்தது. அங்கே கதை உரிமையைப் பெரிதாக்கியது. தேக்கம்பட்டிக் கதையோ உண்மையான கிரயத்தைச் சிறிதாக்கிவிட்டது.

வயது பற்றிய சிக்கல் எஞ்சுகிறது. பிறந்த ஆண்டு 1914 என்பார்கள். 2021 ஜனவரியில் விருது அறிவிக்கப்பட்டபோது 105 என்றார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று காலமானபோது 108 என்றும் 109 என்றும் அச்சாயிற்று. இவை ஒன்றோடொன்று பொருந்தா. அதனால் என்ன? ஐந்தாறு ஆண்டு கூட்டினாலும் குறைத்தாலும் மேலே சொன்ன வரிசை குலையாது.

புகழ் வந்த பிறகு தோட்டம் எப்போதும் 2.5 ஏக்கர் என்றே எழுதப்பட்டது. முதுமையில் பெரும்பகுதியை விற்றபின் மிஞ்சியது அது. பிரதமர் 2021 பிப்ரவரியில் கோவையில் சந்தித்ததும், 2024இல் திமுக பெரியார் விருது வழங்கியதும் இந்த 2.5 ஏக்கர்க்காரியையே கண்முன் நிறுத்தின. ஆய்வு போக வேண்டியது விற்றுப்போன ஏழரை ஏக்கரைத் தேடி: சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று கிரயம் எந்த ஆண்டு, யார் பெயரில், யாரிடமிருந்து என்பதைச் சொல்லும், காரமடை ஒன்றியத்தின் தீர்மானப் புத்தகம் அவர் எதற்குக் கையெழுத்திட்டார் என்பதைச் சொல்லும். அவர் குடித்த சுடுதண்ணீரையும் விரும்பிச் சாப்பிட்ட மட்டன் பிரியாணியையும் பற்றி எழுதியது போதும்.