இரண்டாம் கியரில் நின்ற குடும்ப வண்டி

கிளட்ச் மிதி இல்லாத கார் இப்போது நம் தெருக்களிலும் சாதாரணமாகிவிட்டது. "கியரே போட வேண்டாம், நீங்களே ஓட்டலாம்" என்று பிள்ளைகள் சாவியைக் கொடுக்கிறார்கள். வசதிதான். ஆனால் அந்த வசதிக்காக அமெரிக்கக் குடும்பங்கள் ஒரு காலத்தில் பட்ட பாட்டை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

1979-ல் கிரைஸ்லர் நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அமெரிக்க அரசு உத்தரவாதம் தந்தது. லீ அயகோக்கா தலைமையில் நிமிர்ந்த நிறுவனம் 1983-ல் கடனை அடைத்தது. அதே ஆண்டு இறுதியில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற மினிவேன்களை வெளியிட்டது. ஏழு பேர் வரை அமரலாம், கார் போலவே ஓட்டலாம். பிள்ளைக்குட்டிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள்.

அவற்றில் இருந்த மூன்று கியர் தானியங்கிப் பெட்டி எளிமையானது, உழைப்பாளி. 1989 மாடலில் அதற்கு மேலாக அல்ட்ராடிரைவ் என்ற நான்கு கியர் பெட்டி வந்தது. எந்தக் கியர் எப்போது விழ வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சுகள் இயங்கும். அந்நாளுக்கு அது பெரிய முன்னேற்றம்.

தொல்லை சீக்கிரமே தொடங்கியது. கியர் மாறும்போது வண்டி குலுங்கும், வழுக்கும். ஏதாவது தவறென்று கம்ப்யூட்டர் கண்டால், பெட்டியைக் காப்பாற்றுவதற்காக இரண்டாம் கியரிலேயே நிறுத்திவிடும். பெரிய வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் பின்னால் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். பெட்டியை மாற்றியும் சிலருக்குத் தொல்லை திரும்ப வந்தது.

வடிவமைப்பிலும் குறைகள் இருந்தன. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று எண்ணெய். அந்தப் பெட்டிக்கென்றே கிரைஸ்லரின் தனி எண்ணெய் உண்டு. கடைகளில் எளிதில் கிடைத்ததோ டெக்ஸ்ரான். பார்வைக்கு இரண்டும் சிவப்புதான், உராய்வுக் குணம் வேறு. மாற்றி ஊற்றினால் கிளட்ச் நடுங்கும். இதை ஆரம்பத்தில் வாங்கியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. விவரம் தெரியாத பட்டறையில் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்து, மறுபடியும் அதே தவறான எண்ணெயையே ஊற்றி அனுப்பினால் என்ன ஆகும்? செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

பிரெஞ்சுக்காரர்களும் இப்படி ஒரு பாடம் படித்தவர்கள்தான். 1955-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சித்ரோயன் டிஎஸ் காருக்குக் கிளட்ச் மிதி கிடையாது. அதன் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் 'தேவி' என்று பொருள்படும். கியர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே திரவ அழுத்தத்தில் இயங்கின. அந்தச் சிவப்புத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியதால் உள்ளே துரு பிடித்தது. 1966-ல் ஈரம் உறிஞ்சாத பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் தேவி சாந்தமடைந்தாள்.

அல்ட்ராடிரைவும் படிப்படியாகத் திருத்தப்பட்டது. 41டிஇ என்ற பெயரில் 2000-களிலும் ஓடியது. ஆனால் கெட்ட பெயர் லேசில் போகவில்லை.

இயந்திரம் எவ்வளவு புத்திசாலியாகிறதோ, அவ்வளவு தெளிவாக அதன் தேவையை மனிதருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டது தொழிற்சாலை, தண்டம் கட்டியது குடும்பம். ஆகவே நண்பர்களே, வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது கையேட்டில் கியர் எண்ணெயின் பெயரைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.