மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

நெமிலிச்சேரியில் நான் படித்த பள்ளியில் பொங்கல் முடிந்தால் மாஸ் டிரில் தொடங்கிவிடும். குடியரசு தினத்துக்காகக் கடைசி இரண்டு பீரியடும் பெண் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்போம். கையில் வளையம், இரட்டைப் பின்னலில் வெள்ளை ரிப்பன். பி.டி. மாஸ்டரின் விசிலுக்கு வளையம் மேலே போகும், கீழே வரும். மைதானத்தின் மறுபாதியில் பையன்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தால் குனிந்து கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அதை உதைத்துத் திருப்பி அனுப்பினேன். அன்று முழுக்க வரிசைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். உதை நன்றாகத்தான் போயிற்று என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

பெண்ணுக்கு டிரில், ஆணுக்குப் பந்து. இந்தப் பங்கீடு நம் ஊர் வழக்கம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஜெர்மனியின் சிற்றூர் விளையாட்டுச் சங்கங்களின் வரலாற்றைப் படித்தபோது அங்கும் இதே கதைதான் என்று தெரிந்தது.

அந்தச் சங்கங்களின் பெயரில் 'டி.எஸ்.வி.', 'டி.யு.எஸ்.' போன்ற எழுத்துகள் இருக்கும். முதலில் வரும் 'டி' ஜிம்னாஸ்டிக்ஸைக் குறிக்கிறது. 1811இல் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடெ என்ற திடலில் கம்பியும் கயிறும் கட்டி இளைஞர்களைப் பழக்கினார். நெப்போலியனை எதிர்க்க உடல் வேண்டும் என்பது நோக்கம். அதனால் பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஊர் ஊராக உடற்பயிற்சிச் சங்கங்கள் பெருகியபோது பல சங்கங்கள் பெயரிலேயே 'ஆண்கள்' என்று சேர்த்துக்கொண்டன. 1900இல் பதினொரு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி பயர்ன் மியூனிக் கிளப்பைத் தொடங்கினார்களே, அவர்கள் விட்டு வந்ததும் அப்படியொரு 'ஆண்கள் சங்கம்'தான்.

பெண்களுக்கான பயிற்சி பிறகு வந்தது. நிமிர்ந்த முதுகு, நளினம், நாளைக்குப் பெறப்போகும் பிள்ளையின் ஆரோக்கியம் என்று காரணம் சொல்லி அனுமதித்தார்கள். எங்கள் வளையத்துக்கும் ஏறக்குறைய இதே காரணம்தான்.

கால்பந்து இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியபோது ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஸ்டுட்கார்ட்டின் கார்ல் பிளாங்க் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1898இல் அதை 'ஆங்கிலேய நோய்' என்று திட்டி ஒரு நூலே எழுதினார். சீக்கிரமே அந்த நோய் தேசிய ஆட்டமாகிவிட்டது, ஆண்களுக்கு மட்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1930இல் லோட்டெ ஸ்பெஷ்ட் என்ற கறிக்கடைக்காரரின் மகள் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார். பார்க்க வந்தவர்கள் கல் எறிந்தார்கள். அடுத்த ஆண்டே கிளப் கலைந்தது.

1955 ஜூலை 30 அன்று மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் பெண்கள் ஆட்டத்தைத் தடை செய்தது. பந்துக்காக முட்டிமோதினால் பெண்மை போய்விடும், உடலும் உள்ளமும் கெட்டுவிடும் என்றார்கள். தடையை அவர்கள் அமல்படுத்திய விதம் முக்கியமானது. பெண்ணைப் பிடித்து ஜெயிலில் போடவில்லை. எந்தச் சங்கமும் பெண்கள் பிரிவு தொடங்கக் கூடாது, மைதானம் தரக் கூடாது, நடுவர் போகக் கூடாது என்றார்கள். மைதானத்தைப் பூட்டினால் போதும் என்று தெரிந்திருந்தது. பெண்கள் அதற்குப் பிறகும் கிடைத்த இடத்தில் ஆடினார்கள்.

தடை 1970 அக்டோபர் 31 அன்று நீங்கியது. ஆனால் ஆட்டம் எழுபது நிமிடம்தான், குளிர்காலத்தில் ஆறு மாதம் ஓய்வு, ஆணி வைத்த பூட்ஸ் கூடாது, பந்தும் இலேசானது. நான்கே ஆண்டில், 1974இல், பெண்களுக்கான முதல் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றது டி.யு.எஸ். வோர்ஷ்டாட். மைன்ஸ் நகருக்கு அருகே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் ஜிம்னாஸ்டிக்ஸ் - விளையாட்டுச் சங்கம் அது. இறுதிப் போட்டியில் எர்லெ அணியை 4-0 என்று தோற்கடித்தார்கள். அதில் பெர்பெல் வோல்லேபென் அடித்த கோலைத் தொலைக்காட்சி நேயர்கள் 'மாதத்தின் சிறந்த கோல்' என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

இனி நம் பக்கம். மேற்கு ஜெர்மனியின் பெண்கள் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது 1982 நவம்பரில். இந்தியப் பெண்கள் அதற்கு முன்பே, 1980இல், கோழிக்கோட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போய் இரண்டாம் இடம் பிடித்துவிட்டார்கள். நாம்தான் முந்தி! பிறகு ஜெர்மனி 2003, 2007 என்று இரண்டு உலகக் கோப்பைகளை வென்றது. 2023 வரை நடந்த ஒன்பது உலகக் கோப்பைகளில் ஒன்றில்கூட இந்தியப் பெண்கள் ஆடியதில்லை.

இதற்குப் பணம், சாதம், சத்து என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். எனக்குப் படுவது வேறொன்று. வோர்ஷ்டாட்டில் இருந்தது சங்கம். நம்மிடம் இருப்பது டீம். அங்கே ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். சந்தா கட்டியவர் உறுப்பினர், ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கும் ஓட்டு உண்டு. டிரில் ஆடத்தான் பெண்களை உள்ளே விட்டார்கள். ஆனால் உள்ளே வந்தவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். தடை போனதும் 'எங்களுக்கும் செவ்வாய்க்கிழமை மைதானம் வேண்டும்' என்று கேட்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்து எழுந்த இடங்களைப் பாருங்கள். கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், சுனாமியில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகளையும் சேர்த்துப் பழக்கினார். அந்த ஊர்ப் பெண்தான் இந்துமதி கதிரேசன், இந்திய அணிக்கு ஆடியவர், காவல்துறையில் எஸ்.ஐ. 2018இல் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது, அதுவும் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து. மதுரைப் பக்கம் 2016இல் சீனி மொகைதீன் தொடங்கிய சேது எஃப்.சி., 2019இல் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. 2023இல் மாநில அணி மறுபடியும் தேசிய சாம்பியன். கொண்டாட வேண்டிய வெற்றிகள்தான். ஆனால் ஒரு நல்ல மாஸ்டர், ஒரு நல்ல புரவலர் என்றே அவை நிற்கின்றன. மாஸ்டர் ஓய்வு பெற்றால், புரவலர் கைவிட்டால், பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

நம் சட்டமும் ஒன்றும் கஷ்டமானதில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் ஏழு பேரைத்தான் கேட்கிறது. ஒரு கபடி அணி போதும். கூட்டம் நடத்தத் தெரியாதா என்றால், எங்கள் தெருவில் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் அக்காக்கள் வாரம் தவறாமல் தீர்மான நோட்டு எழுதுகிறார்கள், தலைவியை மாற்றுகிறார்கள், வராதவளுக்கு அபராதம் போடுகிறார்கள். அந்த நோட்டில் கறவை மாடு வந்திருக்கிறது, தையல் மிஷின் வந்திருக்கிறது. மைதானம் இன்னும் வரவில்லை.

வெளிவட்டச் சாலை வந்த பிறகு எங்கள் பக்கம் காலி இடமெல்லாம் மனைக்கல் நட்டுக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு திடலில் சாயங்காலம் பையன்கள் ஆடுகிறார்கள். போன வாரம் அக்காக்களில் ஒருவரிடம், இந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். "தெரியலையேம்மா, வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கேட்டாத் தெரியும்" என்றார். திங்கட்கிழமை இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம்.