‘க’ முன்னொட்டு: மூல ஜெர்மானிய மொழியில் தோற்றமும் வளர்ச்சியும்

ஜெர்மானிய மொழிகளின் வரலாற்றில் ஒரே அசை கொண்ட ‘க’ என்னும் முன்னொட்டு பெற்றுள்ள இடம் பெரிது. இதன் ககரம் ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல் ஒலிப்புடையது. ஒலிப்புடைய, ஒலிப்பற்ற ககரங்களைத் தமிழ் எழுத்து வேறுபடுத்துவதில்லை. இம்முன்னொட்டின் பிறப்பு பற்றிய சிக்கலோ அவ்வேறுபாட்டையே பற்றியதாகும்.

‘ஒருங்கு, கூட’ என்னும் பொருளுடைய இலத்தீன் ‘கோம்’ முன்னொட்டோடு இதனை இணைத்துக் காண்பது நெடுங்கால மரபு. ஆயின், யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, இலத்தீனின் ஒலிப்பற்ற ககரத்திற்கு ஈடாக ஜெர்மானியத்தில் ஹகரமே வரவேண்டும். 1877இல் வெளிவந்த கார்ல் வெர்னரின் கட்டுரை ஒரு வழியைத் திறந்தது. அழுத்தம் முன்வராத இடங்களில் அவ்வொலி ஒலிப்புடையதாக மாறும் என்பது அவர் கண்ட விதி. அவ்விதி சொல்லின் இடையிலும் இறுதியிலும் செயற்படுவது. சொன்முதலில் அதனைப் பொருத்த, முன்னொட்டு அழுத்தமின்றி முன்சொல்லோடு ஒட்டி ஒலித்தது எனக் கொள்ள வேண்டும். இது ஓர் ஊகமே.

எனினும், பொருள்வழிச் சான்று வலுவானது. ‘பொது’ என்னும் பொருளுடைய கோத்திய ‘கமைன்ஸ்’, இலத்தீன் ‘கொம்மூனிஸ்’ ஆகியவை முன்னொட்டாலும் வேராலும் ஒத்துள்ளன. ‘ஒன்றுகூடு’ என்னும் கோத்திய ‘கக்விமன்’ வினையும் இலத்தீன் ‘கொன்வெனீரெ’ வினையும் ஒரே அமைப்புடையன. இத்தனை ஒற்றுமையும் தற்செயல் எனக் கொள்வதைவிட ஒலிச்சிக்கலுக்கு இடங்கொடுப்பதே பொருத்தம் என்பது இவ்வாய்வாளர் கருத்து.

கூட்டப் பொருள் பெயர்ச்சொற்களில் நிலைத்தது. ஜெர்மன் மொழியில் ‘பெர்க்’ என்பது மலை, ‘கெபிர்கெ’ மலைத்தொடர். ‘கெசெல்லெ’ (தோழன்) என்பான் ஒரே கூடத்தில் உடனுறைபவன்.

வினைகளில்தான் விவாதம் மிகுதி. ‘க’ தன் பொருளிழந்து, செயல் நிறைவை மட்டுமே குறித்தது என வில்ஹெல்ம் ஸ்ட்ரைட்பெர்க் 1891இல் வாதிட்டார். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோத்திய விவிலிய மொழிபெயர்ப்பே அவருக்கு முதன்மைச் சான்று. மாற்கு நற்செய்தியின் ஒரே வரியில் (4:9) செவியின் இயல்பைச் சுட்டும் ‘கேள்’ வினை முன்னொட்டின்றியும், கேட்டு உணரப் பணிக்கும் ஏவல் முன்னொட்டோடும் வருகின்றன. தமிழில் ‘கேட்டான்’, ‘கேட்டுவிட்டான்’ என்பவற்றின் வேறுபாடு இதற்கு ஓரளவு அண்மையது. நாம் துணைவினையைப் பின்னே சேர்க்கிறோம், அவர்கள் முன்னே சேர்த்தனர். ஆனால் ஸ்ட்ரைட்பெர்க்கின் விதி எல்லா இணைகளுக்கும் பொருந்தவில்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர் பலர் காட்டினர். கோத்தியத்தில் முன்னொட்டுக்கும் வினைக்கும் இடையே ‘உ’ என்னும் வினாவிடைச்சொல் நுழைய முடிந்தது. அவ்வளவு தளர்வாக நின்ற உறுப்பு வெறும் இலக்கணக் குறியாக முற்றிலும் உறைந்துவிட்டது எனல் அரிது.

நிறைவுப் பொருளுக்கு உறுதியான சான்று பழைய உயர் ஜெர்மனில் கிடைக்கிறது. ‘வா’, ‘கண்டறி’, ‘ஆகு’ போன்ற, இயல்பாகவே நிறைவுணர்த்தும் வினைகளின் இறந்தகால எச்சம் அங்கு முன்னொட்டை ஏற்கவில்லை. பின்னர் ஒப்புமையால் அவையும் ஏற்றன. செயப்பாட்டு வினையில் வரும் ‘வோர்டென்’ மட்டும் இன்றும் பழைய நிலையில் நிற்கிறது.

வடக்கே நார்ஸ் மொழியில் முன்னொட்டு மிக முன்னரே தேய்ந்தது. ‘அண்டைவீட்டார்’ எனப் பொருள்படும் ‘கிரன்னி’யின் முதல் ககரம் அதன் எச்சம். பழைய ஆங்கிலத்தில் யகரமாக மென்மையுற்று, இடைக்காலத்தில் வெறும் இகரமாகி மறைந்தது. ‘இனஃப்’ என்பதன் முதலுயிரிலும், ‘ஹேண்டிவொர்க்’ என்பதன் நடுவிலுள்ள இகரத்திலும் அது இன்றும் உயிர்வாழ்கிறது.