தரிசு என்று எழுதிய கை

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. புவியியல் வாத்தியார் நோர்மாந்தி மாநிலத்துப் படத்தைச் சுவரில் மாட்டி, உயிர்வேலி போட்ட சின்னச் சின்னப் புல்வெளிகளைக் குச்சியால் காட்டுவார். அதற்கு 'போக்காஜ்' என்று பெயர். கடற்கரையில் வளர்ந்த எங்களுக்குப் புல்வெளியும் தெரியாது, வேலியும் தெரியாது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி.

பிறகு தமிழில் தேர்வு எழுதி எழுத்தராகி, எழுபதுகளில் காங்கேயம் பக்கம் வந்து சேர்ந்தேன். அப்போது அது கோயமுத்தூர் மாவட்டம். 1979ல் பெரியார் மாவட்டம் ஆயிற்று, 2009ல் திருப்பூர். மூன்று முத்திரையும் பார்த்துவிட்டேன். கிராமக் கணக்கர்கள் அனுப்பும் அடங்கல் விவரங்களைத் தொகுப்பது என் வேலைகளில் ஒன்று. என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. புல் நிற்கிற பட்டா நிலத்துக்கு மட்டும் கட்டம் இல்லை. மேலே இருந்தவர் "தரிசுன்னு போடுங்க" என்றார். போட்டேன். எத்தனை ஆயிரம் ஏக்கரை அப்படி எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்தத் தரிசுக்கு ஊரில் வேறு பெயர் உண்டு என்பது வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கொறங்காடு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரம் மழை குறைந்த சரளை மண். இங்கே ஒரு குடும்பத்தின் காட்டைச் சில ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிளுவை வேலி போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். கோடையில் இலையே இல்லாமல் செத்தது போல நிற்கும், ஒரு மழைக்குப் பச்சை பிடிக்கும். அந்த முள்ளுக்குள் மாடு நுழையாது. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். மரத்தடியில் மாட்டுக்கு நிழல், கோடையில் புல் காய்ந்த பிறகு அதன் காய் ஆட்டுக்குத் தீனி. விழுகிற சாணமும் புழுக்கையும் அதே மண்ணுக்கு.

ஒரு துண்டில் மேய்ந்து முடிந்தால் படலைத் திறந்து அடுத்ததுக்கு ஓட்டுவார்கள். மேய்ந்த துண்டு ஓய்வெடுக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து, களையை அடக்கி, மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவார்கள். வேலி இருப்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகள் இந்தப் பக்கத்து இளவட்டங்களை எல்லாம் இழுத்துக்கொண்ட பிறகும் கொறங்காடு மிஞ்சி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. அப்படிக் கிடைத்தவர் ஆந்த்ரே வுவாசேன். நோர்மாந்தி விவசாயி, வேதியியல் படித்தவர். 1957ல் புல்லின் விளைச்சலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னது எளிய விஷயம்தான்: மேய்ந்த புல்லை மறுபடி கடிக்க விடும் முன் அது தேறுவதற்கு நாள் கொடு, அவசரப்பட்டால் வேர் சோர்ந்துவிடும், ஆகவே நிலத்தைத் துண்டாக்கி மாட்டை மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். உலகமே அதைப் பாராட்டியது. 1964ல் ஃபிடல் காஸ்ட்ரோ அழைப்பில் கியூபாவுக்குப் போனவர் அங்கேயே காலமானார். படித்துக்கொண்டே வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாராபுரம் ரோட்டில் இருபது வருஷம் பஸ்ஸில் போய்வந்தபோது ஜன்னல் வழியே பார்த்தது இதைத்தானே! (வுவாசேன் என்றால் பிரெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்.)

இங்கிலாந்தில் 1945லேயே புல்வெளிக்கென்று சங்கம் வைத்தார்கள். விவசாயியும் விஞ்ஞானியும் ஒருவர் நிலத்தை ஒருவர் நடந்து பார்த்துக் கற்றுக்கொள்வது அதன் வழக்கம். நம் நாட்டிலும் 1962ல் ஜான்சியில் புல், தீவன ஆராய்ச்சிக்கு ஒரு மத்திய நிறுவனம் வந்தது. கொங்கு நாட்டில் அந்த வேலையைச் செய்தது மாட்டுச் சந்தையும் மாமன் மச்சான் பேச்சும். எவன் காட்டில் புல் அடர்த்தி, எவன் அளவுக்கு மீறி மாட்டை விட்டுக் கெடுத்தான் என்பது சந்தையில் மாட்டின் விலா எலும்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காங்கேயம் மாட்டைப் பேர் சொல்ல வைத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளைக்கார அதிகாரி லிட்டில்வுட் 1936ல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த இனத்துக்கும் இடம் இருக்கிறது. கவலை இறைக்க, வண்டி இழுக்க இதற்கு ஈடு கிடையாது. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அப்புறம் கிணற்றுக்குக் கிணறு மோட்டார், அதன் பின்னால் டிராக்டர். எருதுக்கு வேலை போயிற்று, எருதுக்காக இருந்த காட்டுக்கும் மவுசு போயிற்று.

இப்போது குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் மாட்டின ஆராய்ச்சி மையம் மாட்டோடு சேர்த்துக் கொறங்காட்டையும் பற்றிப் பேசுகிறது. மதுரை சேவா அமைப்பும் இந்த மேய்ச்சல் முறையை எழுதி வைத்திருக்கிறது. காட்டுக்காரர்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்த விஷயம். நான் அதே ஆட்களிடம் அதே காட்டைப் பற்றி ஏக்கர் மட்டும் கேட்டேன்.

பிரெஞ்சில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. கைவிட்ட நிலம் 'ஃப்ரீஷ்', ஓய்வுக்கு விட்டது 'ழஷேர்', மேய்ச்சலுக்கானது 'பத்துராஜ்'. மூன்றும் வேறு வேறு என்று பத்து வயதில் டிக்டேஷன் எழுதியவன், முப்பது வயதில் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டேன். தரிசு என்று எழுதிய நிலத்துக்காக வாதாட யார் வருவார்கள்? காற்றாலை வந்தது, மனை பிரித்தார்கள், இப்போது சோலார் தகடு.

இதை இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் மகன் திருப்பூரில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறான். காங்கேயம் பக்கம் ஷெட் போட நாலு ஏக்கர் பார்த்திருக்கிறான். "வெறும் தரிசுதான்ப்பா, விலை சல்லிசு. பத்திரத்தை நீங்க ஒருதரம் பாருங்க" என்றான். போன மாதம் போனேன். கிளுவை வேலி, ஏழெட்டு வெள்வேலம், காய்ந்த கொழுக்கட்டைப் புல். காட்டுக்காரம்மாவுக்கு என் வயது இருக்கும்.

"ஏனுங்க, பில்லெல்லாம் செத்துப் போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"சாகுங்களா அது? ஒரு மழை பேஞ்சா எந்திரிச்சுக்குமுங்க" என்றவர், கொஞ்சம் நின்று, "உங்க பையன் வாங்குனா வேலிய வெட்டிப் போடுவாருங்களா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பத்திரத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, அதையும் மகனிடம் சொல்லியாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை மாட்டுச் சந்தைக்கு வருகிறாயா என்று அவனைக் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறான். போகிற வழியில் அந்தக் காட்டில் காரை நிறுத்தச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.