டேனிஷ் கட்டிலும் உப்புக் காத்தும்

அப்பாவுக்குப் பகலில் சாய்ந்து படுக்க ஒரு கட்டில் வேணும். மரக்காணம் உப்பளத்துல முப்பது வருஷம் குனிஞ்சு உப்பு வாரின முதுகு அவருடையது. தரையில் படுத்தால் எழ முடியவில்லை. மெத்தை போட்ட சோபா வேண்டாம், வேர்க்குது என்கிறார்.

புதுச்சேரி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய மரச்சாமான் கடைகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில்தான் அதைப் பார்த்தேன். தேக்குச் சட்டம், மெலிந்து இறங்கும் உருண்டைக் கால்கள், நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் சாய்மானம். "டேனிஷ் சார். தரங்கம்பாடி கோட்டையில இருந்தது, இருநூறு வருஷப் பழசு" என்றார் கடைக்காரர். விலையும் அந்த இருநூறு வருஷத்துக்கு ஏத்த மாதிரி இருந்தது.

குனிந்து அடியில் பார்த்தேன். சட்டத்தை இறுக்கியிருந்தது நாலு பக்கமும் பிளந்த 'பிளஸ்' தலை ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ அமெரிக்காவில் சந்தைக்கு வந்ததே 1930-களில்தான். டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில் இறங்கியது 1620-ல். கோட்டையையும் ஊரையும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனது 1845-ல். ஸ்க்ரூ வர இன்னும் தொண்ணூறு வருஷம் பாக்கி!

கடைக்காரர் வேணும்னே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. 'டேனிஷ்' என்ற ஒரே சொல்லில் ரெண்டு காலம் ஒட்டிக்கிட்டிருக்கு. பழைய மரச்சாமான் வியாபாரத்தில் இன்று மதிப்புள்ள டேனிஷ் பாணி இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் 1924-ல் மரச்சாமான் வகுப்பைத் தொடங்கிய கோரே கிளிண்ட், மனுஷ உடம்பை அளந்துதான் நாற்காலி செய்யணும் என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த தலைமுறையில் வந்த ஹான்ஸ் வெக்னர் 1954-ல் சாய்மானத்தைத் தூக்கிவிட்டால் படுக்கையாகிற ஒரு கட்டிலை வரைந்தார். போருக்குப் பிறகு அங்கே தேக்குதான் மோகம். டென்மார்க்கில் தேக்கு வளராது. ஆசியாவிலிருந்து கப்பலில் போகணும். 'டீக்' என்ற பேரே நம்ம பக்கத்துத் 'தேக்கு' போர்த்துக்கீசியர் வாயில் 'தேக்கா'வாகிப் போனதுதான்.

அதே அடக்கமான அழகைப் பார்க்க டென்மார்க் வரை போகவும் வேண்டாம். மரக்காணத்திலிருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கு. அந்தோனின் ரேமண்ட் வரைந்த கான்கிரீட் கட்டடம். அதன் வேலையைப் பார்க்க 1930-களின் கடைசியில் வந்து தங்கிய ஜார்ஜ் நகாஷிமா, அறைகளுக்குத் தேக்கில் சாமான்களும் வரைந்தார். டேனிஷ் தேக்கு உலகச் சந்தையைப் பிடிப்பதற்கு முன்னால் நடந்தது இது. பின்னாளில் அமெரிக்காவில் பெரிய பேர் எடுத்த மரத்தச்சர் அவர்.

சரி, கட்டிலுக்கு வருகிறேன். டென்மார்க் தயாரிப்பாளர்களின் தர முத்திரை சட்டத்தின் உள்பக்கம் இருக்கலாம் என்று செல்போன் வெளிச்சத்தில் தேடினேன். இல்லை. பேருக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று ஆயிற்று. எங்க ஊருக்கு முக்கியம் வேறு. உப்புக் காத்து ஈரத்தை இழுத்து வைக்கும். இரும்புச் சுருள் ரெண்டு மழைக்காலம் தாங்காது. இதில் சுருள் இல்லை, பலகைக்குப் பதில் ரப்பர் பட்டை. நகத்தால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி உடைந்தது. ஒட்டுப் பலகையா என்று ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன், முழுத் தேக்கு. மூட்டுகள் ஆடவில்லை. உயரம்தான் இடித்தது: பதினாலு அங்குலம். அப்பா முட்டிக்கு அது பள்ளம்.

ஸ்க்ரூவைக் காட்டினேன். கடைக்காரர் சிரித்துவிட்டுச் சொன்ன விலையில் பாதிக்கு இறங்கினார். எங்க தெரு ஆசாரி ரப்பரை எடுத்துவிட்டு நாடா பின்னினார், இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் பித்தளை போட்டார், காலுக்கு அடியில் நாலு அங்குலத் தேக்குக் கட்டை கொடுத்தார். சேகரிப்பாளர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அப்பா உட்கார்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், கையை ஊன்றாமல் எழுந்தார்.

"நாடாக் கட்டில்தானேடா இது? இதுக்கா பாண்டிச்சேரி வரைக்கும் போன?"