பெயருக்கு முன் ஊர்: ஆமத்தூர் வட்டாரத்தில் காலனியக்கால முன்னோரைத் தேடும் முறை

கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு வழிவந்த ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடினால், பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு வரை போய்விடலாம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேட்டை இரண்டு படிகளாக எழுதச் சொன்னது 1667ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாணை. ஒரு படி பங்குக் கோயிலில் இருந்தது, மற்றது நீதிமன்றத்துக்குப் போனது. திருமணத்துக்குப் பின்னும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதியதால் தாய்வழியும் அறுபடவில்லை. மொன்றியல் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் இந்தப் பதிவுகளைக் குடும்பவாரியாகக் கோத்து வைத்திருக்கிறது.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூரில் ஒரு குடும்பத்துக்கு இந்த வசதி இல்லை. சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்பட்ட பிறப்புப் பதிவுகளில்கூட, பல வேளை ‘ஆண் குழந்தை’ என்பதோடு சரி, பெயர் இராது. இதைக் கண்டு, நம் குடும்பங்களுக்கு எழுத்துச் சான்றே இல்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சான்று இருக்கிறது என்பதே என் வாதம். நிலம், கடன், கூலி பற்றிய ஏடுகளில் அது சிதறிக் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் பெயரை அல்ல, ஊரையும் தாலுகாவையும் முதலில் பிடிக்க வேண்டும்.

பெயர் நம்மை ஏமாற்றும். குடும்பப் பெயர் கிடையாது; தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ‘மாடசாமி மகன் கருப்பசாமி’ என ஓர் ஆவணமும் ‘கருப்பசாமி மகன் மாடசாமி’ என இன்னோர் ஆவணமும் கிடைத்தால், அவை இரண்டு தலைமுறையா மூன்றா என்று ஆண்டுக்கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். அவசரத்தில் ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

ஊரிலும் கவனம் வேண்டும். விருதுநகர் அன்று விருதுபட்டி. 1923இல்தான் பெயர் மாறியது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரை இந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1890இல் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவரை இராமநாதபுரம் என்ற தலைப்பில் தேடிப் பயனில்லை. கப்பல் பட்டியலில் ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரோ இந்த ஆமத்தூராகவும் இருக்கலாம், விழுப்புரம் அருகேயுள்ள திருவாமாத்தூராகவும் இருக்கலாம், ஏன், அம்பத்தூராகவும் இருக்கலாம். பட்டியலின் அடுத்தடுத்த கட்டங்களில் உள்ள ஜில்லாவும் தாலுகாவும்தான் தீர்ப்புச் சொல்லும்.

குலதெய்வக் கோயில் ஒரு நல்ல தடயம். சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ பங்காளிகள் எந்த ஊரில் கூடுகிறார்கள் என்பது, தந்தைவழியினர் முன்பு எங்கே இருந்தார்கள் என்பதைக் காட்டக்கூடும். எப்போது புறப்பட்டார்கள் என்பதைக் காட்டாது. திருமணமான பெண் புகுந்த வீட்டுச் சாமியைக் கும்பிடத் தொடங்குவதால் அவளுடைய வழி அங்கே மறைந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணை மீட்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நம் ஆய்வாளர்கள் போதிய அளவு பயன்படுத்தாத இடம் அது. வில்லங்கம் பார்ப்பவர்கள் சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடுகிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமோ, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கென முதலாம் அட்டவணை ஒன்றையும் வைத்திருக்கச் சொல்கிறது. அதன் வழியே போனால், கணவன் இறந்தபின் மைனர் மகனுக்குக் கார்டியனாகத் தாயார் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரங்கள் அகப்படும். மைனர் சொத்தை விற்கத் தக்க அவசியம் இருந்ததா என்பதை இந்து சட்டம் கேட்டது. ஹனுமான் பர்சாத் வழக்கில் 1856இல் பிரிவி கவுன்சில் வகுத்த விதி அது. அந்த வழக்கின் நடுவே நின்றவரும் மைனர் மகனின் தாயார்தான். எனவே பத்திரம் எழுதுபவர் அவசியத்தை விரித்து எழுதினார்: இறந்தவர் யார், அவர் வைத்துப்போன கடன் எவ்வளவு, மைனருக்கு எத்தனை வயது, தாயாரின் பெயர் என்ன. சட்டத்தின் சந்தேகம்தான் ஒரு விதவையின் குடும்பக் கதையைத் தாளில் ஏற்றியது. கியூபெக் பாதிரியாரின் இரண்டு வரிப் பதிவைவிட இந்தப் பத்திரம் அதிகம் பேசுகிறது என்றே நான் கருதுகிறேன்.

நிலமில்லாதவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அவர்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மிஷன் பதிவேடு. சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) சார்பில் பாதிரியார் ராக்லண்ட் 1850களில் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகப் போய்ப் பணி செய்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார். அந்தச் சங்கத்தின் மைய ஆவணங்கள் இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மற்றொன்று ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன சுமார் 1,52,000 பேருக்கு அத்தகைய பட்டியல் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளத் தழும்பு வரை அதில் வரும். ஊரைவிட்டுப் போன கூலிக்காரரைப் பற்றி இத்தனை விவரம் கிடைக்கிறது. ஊரிலேயே இருந்து பிறர் நிலத்தில் உழைத்த அவருடைய அண்ணன் தம்பியைப் பற்றிப் பட்டா ஏடுகளில் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். அந்தத் தம்பியின் பேரன்மார் தங்கள் பூட்டனின் பெயரைத் தென்னாப்பிரிக்கப் பட்டியலில் ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தில்தான் தேட வேண்டியிருக்கும். சாத்தூர், திருவில்லிபுத்தூர் தாலுகாப் பதிவுகளை அந்தப் பட்டியலிலிருந்து தனியே பிரித்துத் தமிழில் ஊர்வாரியாக வெளியிடுவது, இந்த மாவட்டத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைகள் உடனே தொடங்கக்கூடிய வேலை.