வோல்டர் வைட் எப்போது கெட்டவரானார்? – 'பிரேக்கிங் பேட்' தொடரும் பார்வையாளர் தீர்ப்பும்

அமெரிக்காவின் ஏ.எம்.சி தொலைக்காட்சியில் 2008 ஜனவரி 20 ஆம் திகதி தொடங்கி, 2013 செப்டெம்பர் 29 ஆம் திகதி நிறைவடைந்த குற்றத் தொடர் 'பிரேக்கிங் பேட்'. ஐந்து பருவங்களில் 62 அத்தியாயங்கள். இறுதி அத்தியாயத்தை அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். இத்தனை ஆண்டுகள் கடந்தும் அதைப் பார்த்தவர்களிடையே ஒரு விவாதம் ஓயவில்லை. கதையின் நாயகன் எந்த இடத்தில் கெட்டவரானார்? (முடிவு உட்பட முழுக் கதையும் இங்கே பேசப்படுகிறது.)

சாதாரண மனிதர்

நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்பகேர்க்கி நகரில் வாழும் வோல்டர் வைட், 50 வயதான இரசாயனவியல் ஆசிரியர். சம்பளம் போதாமல் கார் கழுவும் இடத்திலும் வேலை செய்கிறார். மகனுக்குப் பிறவியிலேயே உடற்குறைபாடு. மனைவி ஸ்கைலர் கர்ப்பிணி. இந்த நிலையில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. தான் இறந்தபின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று, பழைய மாணவன் ஜெசி பிங்மனைச் சேர்த்துக்கொண்டு மெத்தாம்பெற்றமைன் காய்ச்சத் தொடங்குகிறார். நம்மூரில் 'ஐஸ்' என்று சொல்லப்படுவது இதைத்தான்.

பிளவுபட்ட கருத்துகள்

ஒரு சாரார் வோல்டரைக் கடைசிவரை கைவிடவில்லை. நோயும் கடனும் நேர்மையான ஒருவரைத் தள்ளிவிட்ட கதை இது என்பது அவர்கள் வாதம். வைத்தியச் செலவு குடும்பங்களை அழிக்கும் நாட்டில் அந்த வாதத்துக்கு வலு உண்டு.

மற்றவர்கள் முதலாம் பருவத்தையே சுட்டிக்காட்டுகிறார்கள். வசதியான பழைய நண்பர் ஒருவர் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வருகிறார். வோல்டர் மறுக்கிறார். அந்த இடத்திலேயே காரணம் குடும்பம் அல்ல, அகங்காரம் என்பது தெரிந்துவிட்டது என்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் ஜெசியின் காதலி கண்ணெதிரே மூச்சுத்திணறிச் சாகும்போது வோல்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பலர் மனம் மாறியது அங்கேதான். நான்காம் பருவத்தில் தன் திட்டத்துக்காக ஒரு சிறுவனுக்கு நஞ்சு கொடுத்தபோதே விலகியவர்களும் உண்டு.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. குடும்பத்துக்குத் தேவை 737,000 டொலர் என்று வோல்டரே ஒருமுறை கணக்குப் போடுகிறார். பின்னர் எண்ணி முடிக்க முடியாத அளவு பணம் குவிகிறது. அவரோ உடனே நிறுத்தவில்லை.

வெறுக்கப்பட்டவர் மனைவி

பார்வையாளர் கருத்துகளில் மிகவும் வேதனையானது ஸ்கைலர் மீதான வெறுப்பு. கணவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்தவர், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று எதிர்த்தவர் அவர். ஆனாலும் கொலை செய்த கணவனைவிட, 'நச்சரித்த' மனைவியே பலருக்கு எரிச்சலூட்டினார். அந்த வெறுப்பு நடிகையான தன்மீதும் திரும்பியதை, 2013 ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் அன்னா கன் எழுதினார். அதே பாத்திரத்துக்காக 2013, 2014 ஆம் ஆண்டுகளில் எமி விருது பெற்றவர் அவர்.

ஏன் இப்படி? நாம் முதலில் வோல்டரின் கண்ணீரைப் பார்த்தோம். அவர் பக்கத்தில் நின்றே கதையைப் பார்க்கிறோம். அதனால் அவரைத் தடுக்கும் எவரும் நமக்கும் தடையாகத் தெரிகிறார்கள். ஒருமுறை இரக்கப்பட்டவரின் அடுத்த குற்றத்துக்கும் நாமே காரணம் தேடிக் கொடுக்கிறோம். நல்லவர் ஒருவரை வில்லனாக மாற்றிக் காட்டுவதே தன் திட்டம் என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். ஆனாலும் 2022 இல் வோல்டருக்கும் ஜெசிக்கும் அல்பகேர்க்கியில் வெண்கலச் சிலைகள் வைக்கப்பட்டன.

இறுதி அத்தியாயத்தில் வோல்டரே ஸ்கைலரிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் தனக்காகவே செய்ததாகவும், அது தனக்குப் பிடித்திருந்ததாகவும் சொல்கிறார். பார்வையாளர்கள் ஐந்து பருவங்களாகச் சொல்லிவந்த சாக்கை அவரே கைவிடுகிறார்.

காட்டப்படாத வீடுகள்

வோல்டர் காய்ச்சியது எங்கே போனது? தொடர் அதைக் குறைவாகவே காட்டுகிறது. இரண்டாம் பருவத்தில் போதைக்கு அடிமையான தம்பதியின் வீடு ஒன்று வருகிறது. அங்கே பசியோடும் அழுக்கோடும் ஒரு சின்னப் பையன், கவனிக்க ஆளில்லாமல் இருக்கிறான். அந்த அத்தியாயத்தை மறக்க முடியவில்லை என்று சொல்பவர்கள் பலர்.

ஐஸ் வந்து புகுந்த வீடுகள் நம்மிடையேயும் உண்டு. போரில் மிஞ்சிய பிள்ளையைப் போதையிடம் பறிகொடுத்த தாய்க்கு, அதைக் காய்ச்சியவனின் குடும்பக் கஷ்டம் ஆறுதல் தராது. வோல்டர் நல்லவரா கெட்டவரா என்று விவாதிக்கும்போது, அந்தச் சின்னப் பையனின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை கதையைப் பார்க்க வேண்டும்.